ஆள் நடமாட்டமில்லாத ஓடைகளில் நுண்நெகிழியைத் தேடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பைரனீஸ் மலையின் பிரான்ஸ் பக்கத்தில், பெரிய ஊரோ ஆலையோ அருகில் இல்லாத ஓர் உயரமான இடத்தில், வானத்திலிருந்து விழுவதை மட்டும் ஐந்து மாதம் சேகரித்துப் பார்த்தார்கள். சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சராசரியாக 365 நுண்நெகிழித் துகள்கள், அதாவது மிகச் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகள், விழுந்திருந்தன. காற்று அவற்றை 95 கிலோமீட்டர் வரை சுமந்து வந்திருக்கலாம் என்று 2019இல் வெளியான அந்த ஆய்வு கணக்கிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க மேற்குப் பகுதியின் பாதுகாக்கப்பட்ட காடுகளையும் பாலைகளையும் ஆராய்ந்தவர்கள் சொன்ன எண் 132. மேலே விழுவதில் ஒரு பகுதி மழையோடும் பனியுருகலோடும் ஏதோ ஓர் ஓடையில்தான் வந்து சேரும்.

ஆகவே தொலைதூர ஓடையில் பிளாஸ்டிக் இருக்குமா என்பது இப்போது பெரிய கேள்வி இல்லை. எவ்வளவு இருக்கிறது, எந்த வழியாக வந்தது, எங்கே தங்குகிறது என்பதுதான் கேள்வி. சிக்கல் எங்கே என்றால், நகரத்து ஆற்றில் துகள்கள் ஏராளம். அங்கே நம் சட்டையிலிருந்து நாலு இழை உதிர்ந்தாலும் முடிவு பெரிதாக மாறாது. மலையோடையில் பல லிட்டர் தண்ணீருக்கு ஒரு துகள் கிடைத்தாலே அதிகம். அங்கே அந்த நாலு இழைதான் மொத்த முடிவும். கீழே வரும் வேலைகள் எல்லாமே ஒரே சந்தேகத்தைத் தீர்ப்பதற்கானவை: வடிதாளில் கிடக்கும் இந்த இழை ஓடையில் இருந்ததா, நம்மோடு வந்ததா?

1. கேள்வியைச் சுருக்குங்கள்

5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் எல்லாமே நுண்நெகிழி என்பதுதான் பரவலான வரையறை. ஆனால் 5 மி.மீ. துண்டையும் 5 மைக்ரோமீட்டர் துகளையும் ஒரே முறையில் பிடிக்க முடியாது. எனவே முதலில் கீழ் எல்லையை முடிவு செய்யுங்கள். நுண்ணோக்கியும் சல்லடையும் மட்டும் கையில் இருந்தால் 300 மைக்ரோமீட்டருக்கு மேல் என்று வைத்துக்கொள்வது நேர்மையானது. துகள் எந்தப் பொருளால் ஆனது என்று ஒளியைக் கொண்டு காட்டும் நிறமாலைக் கருவி கிடைத்தால் 50 அல்லது 20 வரை இறங்கலாம். எல்லை இறங்க இறங்க எண்ணிக்கை தாறுமாறாக ஏறும். வெவ்வேறு எல்லை வைத்த இரண்டு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் வைத்து ‘இந்த ஓடைதான் அழுக்கு’ என்று சொல்வதில் பொருளே இல்லை.

அப்புறம், தண்ணீரா, படுகை மண்ணா, உயிரினமா? மூன்றையும் ஒரே பருவத்தில் செய்ய ஆசை வரும். தொடக்கத்தில் தண்ணீரும் படுகையும் போதும். பூச்சிப் புழுக்கள் தனி உலகம். கேடிஸ் ஈயின் புழுக்கள் மணலைக் கோத்துக் கட்டும் கூட்டில் பிளாஸ்டிக் துணுக்கையும் சேர்த்துக் கட்டியிருப்பது ஜெர்மனி ஓடைகளில் பதிவாகியிருக்கிறது. சுவையான ஆய்வுதான், ஆனால் அதற்கான வழிமுறை வேறு.

2. இடம் தேர்வு

ஒரே ஓடையில் குறைந்தது மூன்று இடம் வேண்டும். மேல் இடம் நடைபாதை, முகாம், சாலை எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். அங்கே கிடைப்பது பெரும்பாலும் காற்றில் வந்தது என்று வாதாட இடமுண்டு. நடு இடம் மனிதக் கால் படும் முதல் புள்ளிக்குக் கொஞ்சம் கீழே. கீழ் இடம் ஏதாவது கிளையோடை கலந்து, நீர் நன்றாகக் கலங்கி ஒன்றான பிறகு. கிளை சேரும் இடத்திலேயே எடுத்தால் ஒரு கரையில் ஒரு நீரும் மறு கரையில் வேறு நீரும்தான் கிடைக்கும்.

முடிந்தால் மேல் இடத்துக்கு அருகில் வெட்டவெளியில் ஒரு கண்ணாடிப் புனலும் சீசாவும் வைத்து, வானத்திலிருந்து விழுவதைத் தனியாகச் சேகரியுங்கள். ஓடையில் கிடைத்த இழைகளும் புனலில் விழுந்தவையும் ஒரே வகையாக இருந்தால் ‘எந்த வழி’ என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிட்டது.

பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் மாதிரி எடுக்க எழுத்து மூலமான அனுமதி தேவைப்படும். பயணத் தேதி குறிப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

3. கிளம்புவதற்கு முன்

உடையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. மலைக்குப் போகிறவர் போட்டுக்கொள்வது எல்லாமே பிளாஸ்டிக்: ஃபிளீஸ் சட்டை, நைலான் மழையங்கி, பாலியெஸ்டர் பை, கயிறு, கூடாரம். ஃபிளீஸ் வேண்டவே வேண்டாம். மேலே பருத்திச் சட்டை, அதுவும் குழுவில் எல்லோருக்கும் ஒரே கண்ணைப் பறிக்கும் நிறத்தில். ஆரஞ்சு நல்லது. வடிதாளில் ஆரஞ்சுப் பருத்தி இழை தென்பட்டால் அது யாருடையது என்று விசாரிக்கத் தேவையில்லை. ஓடைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பவை நீலமும் கறுப்பும். அந்த நிறங்களில் எதையும் உடுத்தாதீர்கள்.

எல்லா உடையும் பருத்தியாக இருக்க முடியாது. குளிரும் மழையும் இருக்கும் இடத்தில் பாதுகாப்புதான் முதல். அதற்கு மாற்று: கூட வரும் ஒவ்வொரு பொருளிலிருந்தும் ஒரு சிறு இழையையோ சுரண்டலையோ எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, பெயர் எழுதி வையுங்கள். காலுறை, முதுகுப்பை, கயிறு, காலணி, குழாய் இணைப்பில் சுற்றும் வெள்ளை நாடா, எல்லாமே. பின்னால் ஆய்வகத்தில் இந்தச் சந்தேகப் பட்டியல் பலமுறை கை கொடுக்கும்.

பாத்திரங்கள் கண்ணாடி அல்லது துருப்பிடிக்காத எஃகு. கண்ணாடி ஜாடியின் தகர மூடியைத் திருப்பிப் பாருங்கள்: உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சோ ரப்பர் வளையமோ இருக்கும். வாய்க்கும் மூடிக்கும் நடுவில் கழுவிய அலுமினியத் தாளை வைத்து மூடுங்கள். எல்லாவற்றையும் வடிகட்டிய நீரால் மூன்று முறை அலசுங்கள். ‘காய்ச்சி வடித்த நீர்’ என்று எழுதியிருந்தாலும் அது பிளாஸ்டிக் கேனில் வந்ததுதான், எனவே நீங்களே ஒரு முறை வடிகட்ட வேண்டும். கண்ணாடி இழை வடிதாள்களை 450 டிகிரி செல்சியஸில் நாலு மணி நேரம் சுட்டு, அலுமினியத் தாளில் பொதிந்து எடுத்துப் போங்கள்.

4. தண்ணீர் எடுத்தல்

எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் பல ஆய்வுகள் தொடக்கத்திலேயே விழுந்துவிடுகின்றன. ஒரு லிட்டர் எடுத்து, அதில் ஒரு துகளும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதனால் ஓடை சுத்தம் என்று ஆகாது. புள்ளியியல்படி, 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது ‘லிட்டருக்கு மூன்றுக்குக் குறைவு’ என்பது மட்டும்தான். அது மிகப் பெரிய எண். அதே பூஜ்யம் 100 லிட்டரில் வந்தால் ‘லிட்டருக்கு 0.03க்குக் குறைவு’ என்று சொல்லலாம். துகள் கிடைத்தாலும் இதே கதைதான். நாலு துகள் எண்ணினால் தடுமாற்றம் அதன் வர்க்கமூலம், அதாவது இரண்டு: கூட்டினாலும் கழித்தாலும் பாதி. நூறு எண்ணினால் பத்து சதவீதம்தான்.

மூன்று வழிகள் உண்டு. ஜாடியில் மொள்ளுவது எளிது, மெல்லிய இழைகள் தப்பாது, ஆனால் அளவு சிறிது. ஓட்டத்துக்கு எதிராக வலை கட்டினால் பெரும் பரும அளவு கிடைக்கும். வாய் 0.3 மீட்டர் அகலம், நீரில் மூழ்கும் ஆழம் 0.2 மீட்டர், வேகம் நொடிக்கு 0.4 மீட்டர், நேரம் பத்து நிமிடம் என்றால் 14.4 கன மீட்டர், அதாவது 14,400 லிட்டர். ஆனால் வழக்கமான வலையின் கண் 300 மைக்ரோமீட்டரை ஒட்டியது. துணி இழையின் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். இழை நேராக நின்றால் ஊசி போல நழுவிப் போய்விடும். போதாததற்கு வலைகள் பெரும்பாலும் நைலானில் நெய்தவை. இலை அடைத்துக்கொண்டால் நீர் வலைக்குள் போகாமல் சுற்றிப் போகும், அப்போது மேலே போட்ட கணக்கு பொய்யாகிவிடும்.

மலையோடைக்கு நான் சொல்வது மூன்றாவது வழி: எஃகு வாளியால் மொண்டு, அடுக்கிய எஃகுச் சல்லடைகளில் அங்கேயே வடிப்பது. மேலே 5 மி.மீ., நடுவில் 300 மைக்ரோமீட்டர், கீழே 50. பத்து லிட்டர் வாளியில் பத்து முறை. 100 லிட்டர் என்பது 100 கிலோ. அதைச் சுமந்து இறங்க வேண்டியதில்லை, சல்லடையில் தங்கியதை வடிகட்டிய நீரால் ஜாடிக்குள் கழுவிவிட்டால் போதும். ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், தோளும் வலிக்கும். ஆனால் அளவும் கிடைக்கிறது, இழையும் ஓரளவு தங்குகிறது. கைப்பம்பு இருந்தால் வேலை சுலபம். அதன் குழாயிலிருந்தும் ஒரு துணுக்கைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

எப்போதும் கீழ் இடத்தில் தொடங்கி மேல் நோக்கிப் போங்கள். ஓட்டத்தை எதிர்கொண்டு நில்லுங்கள். உங்கள் கால் கலக்கியது உங்களுக்குப் பின்னால் போக வேண்டும். காற்று உங்கள் மேல் பட்டு மாதிரியின் மேல் வீசாத பக்கமாக நிற்க வேண்டும் என்பது பலருக்கும் நினைவுக்கு வராத விஷயம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று தனி மாதிரிகள் எடுங்கள்.

நீரோட்டத்தையும் அதே நேரத்தில் அளக்க வேண்டும். கருவி இல்லையென்றால் பத்து மீட்டர் நேர்ப்பகுதியில் ஒரு சுள்ளியை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். மேற்பரப்பு எப்போதும் வேகமாக ஓடும் என்பதால் கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்குங்கள். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.25 மீட்டர், மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் என்றால் நொடிக்கு 255 லிட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 0.1 துகள்தான் என்றாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 22 லட்சம் துகள்கள் கடந்து போகின்றன! அன்றைய ஓட்டம் மாறாமல் இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு. மழை பெய்தால் எல்லாம் மாறும்.

மழை என்றதும் ஓர் எச்சரிக்கை. வெள்ளத்தின் தொடக்கத்தில் எடுத்த மாதிரி ஆய்வுக்குப் பொன் போன்றது. ஆனால் இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் திடீரென்று இறங்கும். தனியாகப் போகாதீர்கள், நீர் நிறம் மாறினால் சாமான்களை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

5. படுகை மண்

தண்ணீரைப் பார்ப்பது அந்த நேரத்து நிலவரம். படுகை பல மாதங்களின் கணக்கு. லேசான பிளாஸ்டிக் மிதந்து போய்விடும் என்று நினைப்போம். ஆனால் ஓடை நீரில் ஒரு பங்கு எப்போதும் கூழாங்கல் இடுக்குகளுக்குள் புகுந்து வெளியே வந்துகொண்டே இருக்கிறது, துகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு. 2022இல் வெளியான ஒரு கணிப்பின்படி, வறண்ட காலத்தில் ஊற்றுப்பகுதி ஓடைகளில் துகள்கள் ஒரு கிலோமீட்டர் நகர ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு: இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதி ஆறுகளில் ஒரு குளிர்காலத்து வெள்ளம் படுகையிலிருந்த நுண்நெகிழியில் ஏறக்குறைய 70 சதவீதத்தை அடித்துச் சென்றதை 2018இல் பதிவு செய்தார்கள். ஆகவே கடைசியாக எப்போது வெள்ளம் வந்தது என்பதைக் குறிக்காத படுகை மாதிரி பாதி மாதிரிதான்.

எஃகுக் கரண்டியால் மேல் ஐந்து சென்டிமீட்டரை எடுங்கள். வேகமாக ஓடும் கல்பகுதியில் சில, தேங்கும் மடுவில் சில. இரண்டையும் கலக்க வேண்டாம். 40 டிகிரிக்கு மேற்படாமல் உலர்த்துங்கள்.

6. வெற்று மாதிரிகள்

ஓடை நீருக்குப் பதில் சுத்தமான நீரை வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதேபோலச் செய்வதுதான் வெற்று மாதிரி. அதில் கிடைக்கும் இழை நம்மோடு வந்தது. நேரம் போதாத போது முதலில் கைவிடப்படுவது இதுதான். கைவிடக் கூடாததும் இதுதான். ஒவ்வோர் இடத்திலும், வடிகட்டிய நீர் நிறைந்த ஒரு ஜாடியைத் திறந்து, வாளி, சல்லடை எல்லாவற்றிலும் ஓட்டி, மாதிரிக்கு ஆகும் அதே நேரம் வெளியே வைத்து மூடுங்கள். ஆய்வகத்திலும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒன்று. இன்னொரு ஈரமான வடிதாளைப் பெட்ரி தட்டில் மேசை மேல் திறந்து வையுங்கள். அது அறைக் காற்றின் சாட்சி.

எடுத்துக்காட்டாக, மூன்று வெற்று மாதிரிகளில் 2, 3, 4 நீல இழைகள் வந்தன. சராசரி 3, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 1. சராசரியோடு மூன்று விலக்கத்தைக் கூட்டினால் 6: இதற்கு மேல் வந்தால்தான் ‘நீல இழை இருக்கிறது’ என்று சொல்லலாம். பத்து விலக்கம் கூட்டினால் 13: இதற்கு மேல் வந்தால்தான் ‘இத்தனை இருக்கிறது’ என்று சொல்லலாம். உங்கள் மாதிரியில் 9 இருந்தால்? இருக்கிறது என்று எழுதுங்கள், எண்ணை அடித்துச் சொல்லாதீர்கள். இந்தக் கணக்கை நிறத்துக்கும் வடிவத்துக்கும் தனித்தனியே போட வேண்டும். மூன்று வெற்று மாதிரி குறைந்தபட்சம்தான், பத்து இருந்தால் நிம்மதி.

7. செரித்தல், பிரித்தல்

ஜாடியில் வந்திருப்பது பெரும்பாலும் இலைத்தூள், பாசி, பூச்சிக் கால்கள். இவற்றை அழிக்க 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் 0.05 மோலார் இரும்பு சல்பேட் கரைசலும் தலா 20 மில்லிலிட்டர் சேர்ப்பது நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ள முறை. இரண்டும் சேர்ந்த சில நிமிடம் எதுவும் நடக்காது. பிறகு கரைசல் பழுப்பாகி, ஓரத்தில் சிறு குமிழி கிளம்பி, இலை அதிகம் இருந்தால் சட்டென்று பொங்கிக் குடுவைக்கு வெளியே வழியும். வழிந்தால் அந்த மாதிரி போயிற்று. எனவே பெரிய குடுவை, பக்கத்தில் பனிக்கட்டித் தொட்டி, பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக. சூடு 50 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். அதிக வெப்பத்தில் சில பிளாஸ்டிக்குகளே உருக்குலையும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, புகைபோக்கிப் பெட்டி இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

படுகை மண்ணுக்கு அடர்த்தி பார்த்துப் பிரிக்க வேண்டும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், செறிந்த உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், பாலிஸ்டைரீன், நைலான் இதில் மிதக்கும். ஆனால் பாலியெஸ்டர் துணி இழைகளின் அடர்த்தி 1.38ஐ ஒட்டியது, அவை மண்ணோடு அடியிலேயே கிடக்கும். ஓடையில் நாம் முக்கியமாகத் தேடுவதே அவற்றைத்தான்! துத்தநாகக் குளோரைடை 1.6 அளவுக்குக் கரைத்தால் அவையும் மேலே வரும். அது அரிக்கும், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துங்கள், கழுவுதொட்டியில் ஊற்றவே கூடாது.

முறை வேலை செய்கிறதா என்று பார்க்க, சுத்தமான மணலில் எண்ணி 20 சிவப்புத் துணுக்குகளைப் போட்டு முழு வேலையையும் செய்து பாருங்கள். 18 திரும்பினால் மீட்பு 90 சதவீதம். பெரிய துணுக்கில் மட்டும் சோதித்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள், இழையிலும் சோதியுங்கள்.

8. நுண்ணோக்கியின் கீழ்

வடிதாளைக் கட்டம் போட்ட மூடிய தட்டில் வைத்து, வரிசை விடாமல் பாருங்கள். பிளாஸ்டிக் இழை முழு நீளத்துக்கும் ஒரே தடிமனில், ஒரே நிறத்தில், உள்ளே செல் அமைப்பு எதுவும் இல்லாமல் இருக்கும். பருத்தி தட்டையான நாடாவை முறுக்கியது போலத் திருகித் திருகிப் போகும். கம்பளியின் மேல் செதில்கள் தெரியும். பூச்சி ரோமம் நுனிக்குப் போகப் போகக் கூராகும். சூடேற்றிய ஊசியைப் பக்கத்தில் கொண்டுபோனால் பெரும்பாலான பிளாஸ்டிக் சுருளும் அல்லது உருகும். தாவர இழை கருகும்.

நைல் ரெட் சாயம் போட்டு நீல ஒளியில் ஒளிர வைப்பது வேகமான வழி. ஆனால் மீந்து போன கொழுப்பும் பூச்சி ஓடும் சேர்ந்து ஒளிரும், அடர்நிற இழைகளும் டயர் துகளும் ஒளிராது. முதல் சலிப்புக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒரே வடிதாளை இருவர் தனித்தனியாக எண்ணட்டும். எண்கள் எவ்வளவு விலகுகின்றன என்பதையும் அறிக்கையில் சேர்க்கலாம்.

9. உறுதி செய்தல்

கண் ஏமாறும். ஆறு பெருங்கடல் பகுதிகளிலிருந்து எடுத்த 916 நீர் மாதிரிகளின் இழைகளை நிறமாலையில் சோதித்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், செயற்கை இழை வெறும் 8.2 சதவீதம்தான். மற்றவை பருத்தி போன்ற செல்லுலோஸும் கம்பளி போன்ற விலங்கு இழையும். சாயம் ஏறிய பருத்தி, பார்க்கப் பாலியெஸ்டர் போலவே பளபளக்கும். எனவே நிறமாலை இல்லாத ஆய்வு ‘சந்தேகத்துக்குரிய இழைகள்’ என்றுதான் எழுத முடியும், ‘பிளாஸ்டிக்’ என்று எழுத முடியாது.

அகச்சிவப்பு நிறமாலை நுண்ணோக்கி 10, 20 மைக்ரோமீட்டர் வரை இறங்கும். ராமன் நிறமாலை ஒரு மைக்ரோமீட்டரையும் எட்டும், ஆனால் சாயம் இருந்தால் பல நேரம் சாயத்தின் அடையாளத்தைத்தான் காட்டும். சொந்தமாகக் கருவி வைத்திருக்க வேண்டியதில்லை, பல்கலைக்கழக ஆய்வகங்களில் நேரம் கேட்டு வாங்கலாம். கிடைத்த நிறமாலையை ஒப்பிட ‘ஓப்பன் ஸ்பெசி’ என்ற இலவச இணையக் கருவி இருக்கிறது. பொருத்தம் 0.7க்கு மேல் என்று கணினி சொன்னாலும் முக்கிய முகடுகள் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். சந்தேகப் பட்டியல் குப்பிகளுக்கும் நிறமாலை எடுத்து வையுங்கள். ஓடையில் கிடைத்த நீல நைலான் உங்கள் கயிற்றோடு நிறத்திலும் நிறமாலையிலும் ஒத்துப்போனால், மனம் வலித்தாலும் அதைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியதுதான்.

டயர் துகளை அகச்சிவப்பு எளிதில் காட்டாது. அதிலுள்ள கரி ஒளியை விழுங்கிவிடும். அதற்கு வெப்பத்தால் சிதைத்து வாயுவைப் பிரித்தறியும் கருவி வேண்டும். சாலை கடக்கும் ஓடை என்றால் இதை மறக்க வேண்டாம்: டயரிலிருந்து பிறக்கும் ஒரு வேதிப்பொருள்தான் கோஹோ சால்மன் மீன்களை ஓடைகளில் கொன்றுவந்தது என்று 2020இன் இறுதியில் தெரியவந்தது.

எல்லாத் துகளையும் சோதிக்க நேரம் இருக்காது. 200 சந்தேகத் துகளில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது போல 50ஐச் சோதித்து, 15 பிளாஸ்டிக் என்றால், மொத்தம் சுமார் 60 என்று கணிக்கலாம். ‘பிளாஸ்டிக் மாதிரித் தெரிகிற’ 50ஐப் பொறுக்கிச் சோதித்தால் இந்தக் கணக்கு செல்லாது.

10. எண்ணாக எழுதுதல்

தண்ணீருக்கு லிட்டருக்கு அல்லது கன மீட்டருக்கு இத்தனை துகள், படுகைக்கு உலர்ந்த கிலோவுக்கு இத்தனை. பக்கத்திலேயே கீழ் அளவு எல்லை, வடித்த பரும அளவு, வெற்று மாதிரியின் எண்கள், மீட்பு சதவீதம், எத்தனை துகள் நிறமாலையில் சோதிக்கப்பட்டது, அன்றைய நீரோட்டம், கடைசி மழை. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் அடுத்தவர் உங்கள் ஓடையைத் தம் ஓடையோடு ஒப்பிட முடியாது. வெற்று மாதிரியைக் கழித்த எண்ணை மட்டும் கொடுக்காமல் கழிக்காததையும் கொடுங்கள். கழிக்கும் முறைகள் ஆளுக்கு ஆள் மாறும்.

எண்ணி முடித்த வடிதாள்களை மூடிய கண்ணாடித் தட்டில், இடமும் தேதியும் எழுதி, இருட்டான அலமாரியில் வையுங்கள். இன்னும் சின்ன துகளைப் பார்க்கும் கருவி கைக்கு வரும்போது அதே ஓடையின் அதே நாளைத் திரும்ப எண்ண அவை தேவைப்படும்.